ஞாயிறு மதியச் சாவுகள்

யாங்கோனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அதாவது பட்டனை இழுத்துப் பார்ப்பது, தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, பிறகு முகத்தைச் சுளிப்பது. இதே வேலையைக் கோயம்புத்தூரில் செய்தபோது யாரும் என்னை வெளிநாட்டுக்காரி என்று அழைத்ததில்லை. இங்கே அந்தப் பட்டமும் கிடைத்தது. ஆனால் நான் பர்மாவில் வாழ்கிறேன் என்று முழுமனதோடு சொல்லிவிட முடியாது. யாங்கோனின் கியாக்டடா பகுதியில், மூன்றாம் மாடி வீடு ஒன்றில் ஓர் இத்தாலியப் பெண்ணோடு வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறேன். படியேறிக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் இத்தாலி. விசா மட்டும்தான் கேட்பதில்லை.

அவளுக்கு என் வயதுதான். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சைப் பழுது பார்ப்பது அவள் தொழில். பகலெல்லாம் யாரோ ஒருவருடைய சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பாள். ஒன்றாகக் குடியேறும் முன் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஐரோப்பாக்காரி, அறிவியலை நம்புகிறவள், தலை துவட்டினாயா, சாப்பிட்டாயா என்று நச்சரிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அத்தைகளிடமிருந்து தப்பிக்கத்தானே கடல் தாண்டி வந்தேன்.

முதல் வாரத்திலேயே என் நினைப்பில் மண் விழுந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் ஒரு நாளில் சில மணி நேரம்தான் இருக்கும். வந்ததும் தெருவே "மீ லா பீ!" என்று கத்தும். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். நான் ஓடிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்காருவேன். அவள் ஓடிவந்து விசிறியை அணைப்பாள். வியர்த்த கழுத்தில் காற்றுப் பட்டால் நரம்பு பிடித்துக்கொள்ளுமாம், வயிற்றில் பட்டால் செரிக்காதாம், ஈரத் தலையில் பட்டால் பிறகு பிழைப்பதே சந்தேகமாம். இத்தாலியர்களுக்கு வரும் நோய்களில் பாதிக்குக் காற்றுதான் காரணம் என்று இந்த இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டேன். ஏப்ரல் மாத வெயிலில் கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எதிரே நான் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அட்டைக்கு அவள் அனுமதி உண்டு, அவள் பக்கம் காற்று வராத வரைக்கும்.

அடுப்படியில் சட்டம் இன்னும் கடுமை. ஒருநாள் பாத்திரம் சிறியதாக இருந்ததால் ஸ்பகெட்டியை இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டேன். அவள் கத்தவில்லை. வந்து பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், பால்கனிக்குப் போய்விட்டாள். மீன் குழம்பு மாதிரி எதையோ அவள் செய்த அன்று அதன்மேல் சீஸ் தூவப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சாப்பாட்டுக்குப் பிறகு பால் விட்ட காபி குடித்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை. அவர்கள் ஊரில் பகல் பதினொரு மணிக்கு மேல் காபியில் பால் விடுகிறவர்கள் குழந்தைகளும் நோயாளிகளும்தானாம். கோயம்புத்தூரில் பிறந்தவளிடம் இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, இணையம் ஒத்துழைத்தால், அவள் அம்மாவோடு வீடியோவில் பேசுவாள். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊர். உலகத்தில் எது நடந்தாலும் அந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை. நீ என்ன சாப்பிட்டாய், நான் என்ன சாப்பிட்டேன், நாளைக்கு என்ன சாப்பிடப் போகிறோம், இவ்வளவுதான். அரை மணி நேரம் இதைப் பேச இரண்டு பேருக்கும் நான்கு கைகளும் தேவைப்படும். போனை எங்கேயாவது சாய்த்து வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரில் மிச்சம் இருக்கும் இத்தாலியர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். முன்பு நிறையப் பேர் இருந்தார்களாம். நான் பார்க்கும்போது அவளையும் சேர்த்து ஐந்து பேர். ஒரு மணிக்கு உட்கார்ந்தால் நான்கு மணிக்கு எழுவார்கள். எழுந்ததும் புறப்பட்டுவிட்டார்கள் என்று நம்பி ஆரம்பத்தில் நான் கட்டிலில் போய் விழுந்ததுண்டு. அது வெறும் ஒத்திகை. மேஜையருகே ஒரு தடவை விடைபெறுவார்கள். கதவருகே இன்னொரு தடவை, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து. பிறகு படிக்கட்டில் நின்றுகொண்டு, அதுவரை நினைவுக்கு வராத முக்கியமான விஷயத்தைப் பேச ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு விடைபெறலிலும் அந்தச் சொல் வரும். சாவ்.

வரும்போதும் போகும்போதும் இத்தாலியர்கள் சொல்லும் சொல் அதுதான். ஒரு தடவை சொன்னால் மனம் ஆறாது. சாவ், சாவ், சாவ் சாவ் சாவ் என்று வேகம் கூடிக்கொண்டே போகும். தமிழ் தெரிந்தவர் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னாலே "வரேன்னு சொல்லு" என்று அதட்டும் ஊர்க்காரி நான். இங்கே ஐந்து பேர் படிக்கட்டில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, கையை ஆட்டி ஆட்டி ஒருவரையொருவர் சாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நிறுத்திவிடுவாளே என்று இருந்தது. ஊரிலிருக்கும் தங்கையிடம் போனில் நடித்துக் காட்ட எனக்கு ஒரு நல்ல வேடிக்கை கிடைத்திருந்தது, அதை விட மனசில்லை.

முதல் மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். யாங்கோன் தமிழர்கள். அவர் இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை வீட்டுக்காரர் என்று சொன்னாலும் அந்த வீடும் எங்கள் வீடும் அவர் மனைவியின் அப்பா வாங்கியவை. அதை யாரும் சொல்லிக் காட்டக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, அவர் எப்போதும் கொஞ்சம் கூடுதல் அதிகாரத்தோடுதான் நடப்பார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாம். மனைவியை அவர் "ஏய்" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

அண்ணனுக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் அண்ணன் தள்ளிப்போட்டார். முதல் தடவை சனிக்கிழமை ஆகாது என்றார். இரண்டாம் தடவை மழை என்றார். ஆபரேஷன் தியேட்டருக்குள் எப்படி மழை பெய்யும் என்று அக்கா கேட்டுப் பார்த்தார். மூன்றாவதாக ஒரு புதன்கிழமை குறித்தார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிறு, விருந்து முடிந்து இறங்கும்போது, கீழே இருப்பவரைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று இத்தாலியர்களுக்குத் தோன்றியது. நல்ல மனசுதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. நானும் கூடவே போனேன். உள்ளே இன்சீனிலிருந்து அண்ணனுடைய தம்பி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து பேரும் வரிசையாக அண்ணனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார்கள். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கன்னத்தை அவ்வளவு பேர் ஒரே நாளில் தொட்டதில்லை. பிறகு ஐவரும் வாசலில் கூடி நின்று, நெஞ்சில் கை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ரொம்பப் பாசமாக, அவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

"சாவ்! சாவ்! சாவ் சாவ்!"

தம்பியின் கையிலிருந்த டீக் கோப்பை அப்படியே நின்றது. நான் மட்டும் முதலில் மேலே வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் சாயங்காலம் அக்கா மாடியேறி வந்தார். அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

"தங்கச்சி, அந்தச் சயாமா வந்துட்டாங்களா?" என்றார். படித்த பெண்ணை இங்கே மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள்.

இல்லை என்றேன். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை.

"அவரு போவமாட்டேங்கிறாரு. அஞ்சு பேரு வாசல்ல நின்னு சாவு சாவுன்னு சொல்லிட்டுப் போனப்பறம் எவன் கத்திக்குக் கீழ போயிப் படுப்பான்னு கேக்கறாரு. இன்சீன்காரங்களும் ஆமாங்கறாங்க. நான் என்னாத்தப் பதில் சொல்றது? மூணாவது தடவை இது. இதையும் விட்டா டாக்டரு கையை விரிச்சிடுவாரு, நோ."

அந்த 'நோ' இல்லை என்கிற நோ அல்ல. பர்மியர்கள் பேச்சின் முடிவில் சேர்க்கும் கெஞ்சல் அது, கேட்டுக்கோ கண்ணு என்கிற மாதிரி. கோபமாகத்தான் ஆரம்பித்தார். அந்த 'நோ'வில் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ ரெண்டு வருசமா கூடவே இருக்கியே. நம்ம பாஷையில அதுக்கு என்னா அர்த்தம்னு ஒருக்காவாவது அவங்ககிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?"

அவமானமாக இருந்தது. ஒரு மனிதரின் உயிர் என் வேடிக்கையில் மாட்டிக்கொண்டுவிட்டதே என்று பயமாகவும் இருந்தது. அக்கா இறங்கிப் போனதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்ததும், கையைக்கூடக் கழுவ விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அறையை மூன்று சுற்று சுற்றினாள். "இரண்டு வருஷம்! இரண்டு வருஷம் ஏன் சொல்லவில்லை?" என்று அவளும் அதையே கேட்டாள். பிறகு சட்டென்று நின்றாள். "அந்தச் சொல்லுக்கு மூலம் என்ன தெரியுமா? வெனிஸ் பக்கத்துப் பேச்சு அது. உங்கள் அடிமை என்று அர்த்தம்."

"என்ன?"

"அடிமை. உங்களுக்கு நான் அடிமை. அந்தக் காலத்து மரியாதை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியேன்! ஐந்து இத்தாலியர்களும் வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னது அடியேன், அடியேன், அடியேன். அவளை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினேன்.

அண்ணன் லுங்கியோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க விளக்கினேன். அக்கா கையை உதறிக்கொண்டு வந்து, "அடிமையா? அவங்களா? நமக்கா?" என்று கேட்டுவிட்டு, நம்பிக்கையோடு புருஷன் முகத்தைப் பார்த்தார்.

அண்ணன் அசரவில்லை.

"ஏம்மா, பர்மாக்காரன் தன்னை என்னான்னு சொல்லிக்கிறான்? ச்சனோ. நான்னு அர்த்தம். பிரிச்சுப் பாத்தா என்னா? அதுவும் அடிமைதான். பட்டறையில எங்க போர்மேன் ச்சனோ ச்சனோன்னு சொல்லிக்கிட்டேதான் முப்பது வருசம் என்னைத் திட்டினான். வாயில எல்லாரும் அடிமைதாம்மா."

அக்கா அரிசிக்கே திரும்பிப் போனார். அவர் உள்ளே போனதை உறுதி செய்துகொண்டு அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாத. அந்த வார்த்தையில ஒண்ணுமில்ல. அது கெடைச்ச சாக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா. நெஞ்செலும்பையே ரெண்டாப் பொளப்பாங்களாமே. மறுபடி ஒட்டுமா?"

"ஒட்டும்ணே" என்றேன். தையல் பார்ப்பதுதான் என் தொழில். ஆனால் நான் பார்ப்பது சட்டைத் தையல். அவருக்கும் அது தெரியும்.

அப்போது வாசலில் "உள்ளே வரலாமா?" என்று இத்தாலிய மொழியில் குரல் கேட்டது. இதுவும் அவர்கள் வழக்கம். பிறர் வீட்டு நிலைப்படியில் அனுமதி கேட்காமல் நுழையவே மாட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் நடுக்கூடத்தில் இருப்பார்கள், அது வேறு. அவள் கையில் போன். மணி ஆறைத் தாண்டியிருந்தது. திரையில் அவள் அம்மா, பின்னால் அடுப்பு. அண்ணன் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

அம்மா உரக்கப் பேசினார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்க வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ. அதை மகள் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். முதல் கேள்வி, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?

"கஞ்சி" என்றார் அண்ணன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எலும்பு சூப் குடிக்க வேண்டும், உப்பு குறைவாக, என்றார். பிறகு கொஞ்சம் அருகே வந்து ஏதோ கேட்டார். பயமாக இருக்கிறதா என்று கேட்கிறார் என மகள் சொன்னாள். அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார். நான் தமிழில் சொல்லாமல் தயங்கினேன். ஆனால் அந்த அளவு இங்கிலீஷ் அண்ணனுக்கே தெரியும். மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரையைப் பார்த்து ஆமாம் என்று தலையசைத்தார்.

அந்த அம்மா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. சட்டையின் மேல் இரண்டு பட்டனைக் கழற்றி, கழுத்துக்குக் கீழே விலக்கிக் காட்டினார். நடுநெஞ்சு நெடுகிலும் ஒரு தழும்பு. பன்னிரண்டு வருஷம் முன்பு, இதே ஆபரேஷன். மகளே இதை என்னிடம் அதுவரை சொன்னதில்லை. சாப்பாட்டைத் தவிர வேறெதுவும்தான் அந்த வீட்டில் பேச்சாகாதே. தையல் நேராக, ஒரே அளவில் இருந்தது. தொழில் புத்தி, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அண்ணன் கூச்சத்தில் கூரையைப் பார்த்தார். அக்கா ஈரக் கையோடு வந்து, போனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"ஒட்டியிருக்கு" என்றார் புருஷனிடம். "பாருங்க. நல்லா ஒட்டியிருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவும் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் பட்டனைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அவசரமாக விடைபெற்றார். தாயும் மகளும் வழக்கம் போலச் சாவ், சாவ், சாவ் சாவ் சாவ்.

"தெனமும் இப்படித்தான் சொல்லிக்குவாங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"தினமும்ணே. அந்த அம்மாவுக்கு எண்பத்து மூணு வயசு."

"எண்பத்து மூணு வயசுலயும் உசுரோட இருக்காங்க!" என்று சொல்லிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும். புதன்கெழமை போறோம்" என்றார். அவர் மறுக்கவில்லை. அவர் பயப்படுகிறார் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். இல்லை, முன்பே தெரிந்தும் தெரியாதது போல் இருந்தாரோ.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு நாங்களும் போனோம். அவள் வரலாம், வாயைத் திறக்கக்கூடாது என்பது அக்கா போட்ட நிபந்தனை. என்னதான் அர்த்தம் தெரிந்தாலும் இன்சீன்காரர்கள் எதிரில் வேண்டாம் என்றார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வந்தாள். கைகள் தாமாக ஏதாவது சொல்லிவிடும் என்று அவற்றையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டாள். ஓர் இத்தாலியர் அவ்வளவு நேரம் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

பச்சை உடுப்பில் அண்ணனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அதிகாரமெல்லாம் போய், முகம் சின்னதாக இருந்தது. ஆளுக்கு ஒன்றாகப் "போயிட்டு வாங்க", "தைரியமா இருங்க" என்றார்கள். தியேட்டர் கதவருகே வண்டி நின்றபோது அவர் தலையைத் திருப்பித் தேடினார்.

"ஏய்."

அக்கா பக்கத்தில் போனார். அண்ணன் அவர் கையைப் பிடிக்க வந்து, அத்தனை பேர் இருப்பதைப் பார்த்து, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எங்களுக்கும் கேட்டது, "சாவ்" என்றார்.

"ஐயோ, என்னாண்ணே, இந்த நேரத்துல இப்படிப் பேசறீங்க!" என்று தம்பி பதறினார். தம்பியின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் நின்றவள் பையிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்கா அழவில்லை. குனிந்து, அவர் காதோரம் சொன்னார்.

"அதை வந்து சொல்லுங்க, நோ."

கதவு மூடிக்கொண்டது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது படியேறுகிறார், தண்ணீர் மோட்டாருக்காக எதிர்வீட்டோடு சண்டைகூடப் போடுகிறார். அக்கா கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார். மனிதர் இன்றுவரை அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை.